பாக்கு மாஸ்ரரின் மறுப்பும் எங்கள் பயிற்சிப் படிவமும்

மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை எங்கள் தாய்மார் குழு ஒரு முன்பள்ளிக் கட்டடத்தில் கூடும். தாய்மார் பாயில் வட்டமாக இருந்து கதைப்பார்கள். கூட வந்த பிள்ளைகள் குழப்படி செய்யாமல் இருக்க, மூலையில் என்னுடைய மடிக்கணினியில் ஏதாவது கார்ட்டூன் போட்டு விடுவேன். சில மாதங்களுக்கு முன்னர் நடந்த ஒரு கூட்டத்தில் தொழிற்பயிற்சிப் படிவங்களை நிரப்பும் வேலை இருந்தது. நான் பெயர்களை வாசித்துக் கொண்டிருந்தேன். ஒருவரும் என்னைக் கவனிக்கவில்லை. எல்லோருடைய கண்ணும் மூலையில் இருந்த திரையில்தான் இருந்தது.

அங்கே பதினான்கு வயதுப் பெட்டை ஒருத்தி, நரைத்த தலை ஆசிரியர் ஒருவரின் பிடரியில் தண்ணீராலேயே ஒரு சவுக்கடி கொடுத்தாள். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"ஆரடா அந்தக் கிழவர்?" என்று கேட்டார் எங்கள் குழுவின் மூத்த ஆச்சி.

"பாக்கு மாஸ்ரர், ஆச்சி!"

"வெத்திலை என்னட்டை இருக்கு. பாக்கும் வந்திட்டுதோ?" என்றார் ஆச்சி. கட்டடமே சிரித்தது.

அந்தச் சிரிப்போடு படிவங்களை ஒரு பக்கம் வைத்து விட்டோம். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள் ஒருத்தி தனக்கு விளங்கிய ஆங்கிலத்தில் கதை சொல்ல, முதலில் இருந்து அந்த அத்தியாயத்தை எல்லோருமாகப் பார்த்தோம். அரை மணி நேரம்கூட இல்லாத ஒரு சிறுவர் படம். அது எனக்குச் சொல்லித் தந்ததை இந்த மாதம் உங்களோடு பகிர்ந்து கொள்ள விரும்புகிறேன்.

ஆண்கள் போருக்குப் போன ஊர்

தொடரின் பெயர் 'அவதார்'. அமெரிக்காவின் நிக்கலோடியன் தொலைக்காட்சியில் 2005 பெப்ரவரியில் தொடங்கி 2008 யூலையில் முடிந்தது. மூன்று பருவங்கள், 61 அத்தியாயங்கள். மைக்கல் டான்டே டிமார்ட்டினோ, பிரையன் கொனியெட்ஸ்கோ என்ற இருவர் அதனை உருவாக்கினார்கள். பெயர் எங்களுக்குப் புதியது அல்ல. அவதாரம் என்று நாங்கள் சொல்லும் அதே சொல்தான். நீர், நிலம், நெருப்பு, காற்று என்ற நான்கு நாட்டாரில் மாறி மாறிப் பிறந்து உலகின் சமநிலையைக் காக்கும் ஒருவரே கதையின் அவதார். இப்பிறப்பில் அது ஆங் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவன். ஆணாக மட்டும்தான் பிறக்க வேண்டும் என்ற சட்டம் அந்த அவதாரத்துக்கு இல்லை. முன்னைய பிறவி ஒன்றில் கியோஷி என்னும் பெண்ணாகவும் பிறந்திருக்கிறார்.

இப்படியான சாகசப் படங்களில் நாயகனின் கையில் இருந்து ஒளி பாயும், எதிரி விழுவான். இந்தத் தொடர் அப்படி அல்ல. ஒவ்வொரு நாட்டாரின் சக்திக்கும் உண்மையான ஒரு சீனத் தற்காப்புக் கலை அடிப்படையாக இருக்கிறது. நீருக்குத் தாய்ச்சி, நிலத்துக்கு ஹுங்கார், நெருப்புக்கு வட ஷாவோலின், காற்றுக்குப் பாகுவா. கிசு என்னும் தற்காப்புக் கலை ஆசான் ஆலோசகராக இருந்து அசைவுகளைச் சொல்லிக் கொடுத்தார். அதனால்தான் கால் வைப்பதும் இடுப்பைத் திருப்புவதும் கை வீசுவதும் வெறும் படமாகத் தெரியாமல் பழகிய உடம்பின் அசைவாகத் தெரிகின்றன. தாய்ச்சியில் பலத்தோடு பலம் மோதுவதில்லை. வருகின்ற விசையை வாங்கி, சுழற்றி, வந்தவனிடமே திருப்பி விடுவார்கள். தண்ணீருக்கு அது பொருத்தமான கலைதான்.

கதை நடக்கும் உலகில் நூறு வருடமாகப் போர். நெருப்பு நாடு மற்ற நாடுகளைப் பிடித்துக் கொண்டிருக்கிறது. தென் துருவத்தில் பனிக்கட்டிக்கு நடுவில் ஒரு சிறிய குடியிருப்பு. அங்கே பெண்களும் பிள்ளைகளும் கிழவிகளும்தான் இருக்கிறார்கள். ஆண்கள் போருக்குப் போய் விட்டார்கள். கட்டாரா அந்த ஊர்ப் பெட்டை. எட்டு வயதில் தாயைப் போரில் இழந்தவள். தாய் விட்டுப்போன ஒரு கழுத்தணி மட்டும் அவளிடம் இருக்கிறது. நீலப் பட்டியில் கோத்த செதுக்கிய கல் அது. நீரை வசப்படுத்தும் ஆற்றல் அவளுக்குப் பிறவியிலேயே உண்டு. ஆனால் சொல்லிக் கொடுக்க ஊரில் ஒருவரும் மிஞ்சவில்லை. நெருப்பு நாட்டுப் படை ஒவ்வொருவராகப் பிடித்துக் கொண்டு போய் விட்டது.

இந்த இடத்தில் எங்கள் பாயில் சிரிப்பு நின்று விட்டது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

பெண்ணுக்கு மருத்துவம், ஆணுக்குச் சண்டை

நாங்கள் பார்த்தது முதலாம் பருவத்தின் பதினெட்டாவது அத்தியாயம். 2005 நவம்பரில் ஒளிபரப்பானது. நீர்க்கலையைப் படிப்பதற்காகக் கட்டாராவும் அவளுடைய அண்ணன் சொக்காவும் ஆங்கும் உலகத்தின் மறு கரைக்கு, வட துருவத்துக்கு வந்து சேர்கிறார்கள். அங்கே இருப்பவர்களும் இவர்களுடைய இனத்தவர்தான். ஆனால் அவர்களுடைய நகரம் அழியாமல் நிற்கிறது. பனிக்கட்டியால் கட்டிய மாளிகைகள், நடுவே வாய்க்கால்கள், வாய்க்காலில் வள்ளங்கள். வந்த இரவே பெரிய விருந்து. தலைவரின் மகள் யூவேக்குப் பதினாறு வயது நிறைந்து விட்டது, இனிக் கலியாணம் செய்யலாம் என்று தலைவர் சபையில் அறிவிக்கிறார்.

மறுநாள் விடிய ஆங்கும் கட்டாராவும் பாக்கு மாஸ்ரரிடம் போகிறார்கள். ஆங்கைச் சேர்த்துக் கொள்கிறார். கட்டாராவை மறுக்கிறார். எங்கள் மரபில் பெண்கள் சண்டைக்கான நீர்க்கலையைப் படிக்க முடியாது, வைத்தியக் குடிசைக்குப் போ, அங்கே நீரால் காயம் ஆற்றும் முறையைப் படிக்கலாம் என்பதுதான் அவர் சொன்னதன் கருத்து. ஆங் கோபத்தில் தானும் படிக்க மாட்டேன் என்கிறான். கட்டாராதான் அவனைத் தடுக்கிறாள். போரை முடிக்க வேண்டியவன் அவன், தனக்காக அவனுடைய படிப்பு நிற்கக்கூடாது என்பது அவளுடைய எண்ணம். தன்னுடைய ஏமாற்றத்தை விழுங்கிக்கொண்டு இன்னொருவரின் படிப்பைப் பார்க்கின்ற இந்தக் குணத்தை எங்கள் வீடுகளிலும் நான் நிறையக் கண்டிருக்கிறேன்.

அவள் வைத்தியக் குடிசைக்குப் போகிறாள். அங்கே இருக்கும் மாணவிகள் எல்லோரும் சின்னஞ்சிறு பிள்ளைகள். யுகோடா என்ற வயதான வைத்தியப் பெண் ஒரு பொம்மை உடலில் நீரை ஓட்டிக் காட்டிக் கற்பிக்கிறார். கட்டாராவும் இருந்து படிக்கிறாள்.

இரவில் ஆங் தான் படித்ததை அவளுக்குக் களவாகச் சொல்லிக் கொடுக்கிறான். மாஸ்ரர் கண்டுவிடுகிறார். ஆங்கின் படிப்பும் நின்று விடுகிறது. தலைவரிடம் போனால், மன்னிப்புக் கேள் என்கிறார்கள். ஆங்குக்காக அவள் மன்னிப்புக் கேட்கவும் தயாராகத்தான் இருக்கிறாள். வாயைத் திறக்கப் போகிற நேரத்தில் கிழவர் அவளைச் சின்னப் பெட்டை என்று ஏளனமாகப் பேசுகிறார். அவ்வளவுதான். அவளுடைய கோபத்தில் மண்டபத்தின் பனித்தரை வெடிக்கிறது. வெளியே வந்து சண்டை பிடியுங்கள் என்று அழைக்கிறாள்.

அவர் அவளை ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை. மற்றப் பெண்களோடு உன்னுடைய இடத்துக்குப் போ என்கிறார். அப்போது விழுந்ததுதான் எங்கள் ஆச்சியைத் திரும்பிப் பார்க்க வைத்த அந்தப் பிடரி அடி.

தோற்றவள் பெற்ற இடம்

பிறகு நடக்கும் சண்டையைப் பிள்ளைகள் மூன்று தரம் போட்டுப் பார்த்தார்கள். பனிக்கட்டியை வட்டத் தகடுகளாக வெட்டி அவர் மீது எறிகிறாள். விழுந்து விழுந்து எழும்புகிறாள். முறையாகப் படிக்காதவள் என்றாலும் விடாமல் நிற்கிறாள். நடுவிலே அந்தக் கிழவரே, நீ திறமைசாலிதான் என்று ஒத்துக்கொள்கிறார். அப்படியென்றால் கற்பிப்பீர்களா என்ற அர்த்தத்தில் அவள் கேட்கிறாள். இல்லை என்பதே பதில்.

சகோதரிகளே, இந்தப் பதிலைக் கொஞ்சம் நின்று பாருங்கள். அவளுக்குத் தகுதி இல்லை என்று அவர் சொல்லவில்லை. தகுதியைக் கண்ணால் கண்ட பின்னரும் இல்லை என்கிறார். ஆகவே பிரச்சினை அவளுடைய கையிலோ காலிலோ இல்லை. வாசலில் எழுதி வைத்த விதியில் இருக்கிறது.

இறுதியில் ஈட்டி போன்ற பனிக்கட்டிகளால் அவளைச் சுற்றி அடைத்து மாஸ்ரர் வென்று விடுகிறார். அவளுடைய கழுத்தணி கழன்று நிலத்தில் கிடக்கிறது. அதை எடுத்துப் பார்த்த கிழவர் திகைத்துப் போகிறார். அறுபது வருடங்களுக்கு முன்னர், தான் விரும்பிய கானா என்ற பெண்ணுக்காகத் தன் கையால் செதுக்கிய கழுத்தணி அது. வடக்கில் கலியாணம் நிச்சயமானால் ஆண் இப்படி ஒன்றைச் செதுக்கிக் கொடுப்பது வழக்கம். கானாதான் கட்டாராவின் பாட்டி.

பேத்திக்கு அப்போது எல்லாம் விளங்குகிறது. பெரியவர்கள் பேசி முடித்த கலியாணம் அது. பாட்டிக்கு அதில் விருப்பம் இருக்கவில்லை. பெண்ணின் வாழ்க்கையை வழக்கம் தீர்மானிக்கும் ஊரில் இருக்க மனமில்லாமல் உலகத்தின் மறு கரைக்கே போய் விட்டார். பேத்தி இதைச் சொல்லும்போது கூட்டத்தில் நின்ற யூவே அழுதுகொண்டு ஓடுகிறாள். அவளுடைய கழுத்திலும் அப்படி ஒரு கழுத்தணி ஏறியிருக்கிறது. விரும்பியவன் ஒருவன், நிச்சயமானவன் வேறொருவன்.

மறுநாள் கட்டாரா வகுப்புக்கு வருகிறாள். மாஸ்ரர் அவளைச் சேர்த்துக் கொள்கிறார். படம் முடிகிறது. பிள்ளைகளுக்குப் பெரிய சந்தோஷம்.

எனக்கு எழுந்த கேள்வி

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் 'பால்நிலை வேலைப் பிரிவினை' பற்றி பக்கம் பக்கமாகக் குறிப்பு எழுதியிருக்கிறேன். அந்தக் குறிப்பு எல்லாவற்றையும்விட இந்தப் படம் எனக்கு இரண்டு விஷயங்களைத் தெளிவாகக் காட்டியது.

முதலாவது, வைத்தியம் தாழ்ந்த வேலை அல்ல. அந்தத் தொடரே அதற்குச் சாட்சி. 2006 இல் ஒளிபரப்பான இரண்டாம் பருவத்தின் முடிவில் ஆங் மின்னல் தாக்கிச் சாகக் கிடக்கும்போது அவனை மீட்பது கட்டாராவின் வைத்தியக் கைதான். பெண்கள் செய்கிற வேலை என்பதால் ஒரு வேலை இழிவாகாது. தையலும் அப்படித்தான், சமையலும் அப்படித்தான். அநியாயம் அந்த வேலையில் இல்லை. அது ஒன்றுதான் உனக்கு என்று மற்றக் கதவுகளைப் பூட்டுவதில் இருக்கிறது. இந்தப் பூட்டு இயற்கை போட்டதும் அல்ல. 2007 இல் ஒளிபரப்பான இன்னொரு அத்தியாயத்தில் தென் துருவத்தின் பழைய கதை வருகிறது. அங்கே ஹாமா போன்ற பெண்கள் நீர்க்கலையால் எதிரிக் கப்பல்களை எதிர்த்து நின்றிருக்கிறார்கள். ஒரே இனம், ஒரே கலை, இரண்டு ஊர், இரண்டு விதி. விதி என்பது மனிதர் எழுதியது. ஆகவே மனிதரால் மாற்றவும் முடியும்.

இரண்டாவது விஷயம்தான் என்னை அன்று இரவு நித்திரை கொள்ள விடவில்லை. கட்டாரா எப்படி உள்ளே போனாள்? அவளுடைய நியாயத்துக்காக அல்ல. திறமைக்காகவும் அல்ல. தான் விரும்பியவளின் பேத்தி என்று கிழவருக்குத் தெரிய வந்ததால்தான். அந்தக் கழுத்தணி இல்லாமல் வந்த ஒரு பெட்டை என்றால்? குடிசையில் இருந்த அந்தச் சின்னப் பிள்ளைகளுக்கு என்ன நடந்தது? அவர்களுக்குக் கதவு திறந்ததாக இந்த அத்தியாயம் காட்டவில்லை.

நான் நிரப்பிய படிவம்

படம் முடிந்து பிள்ளைகள் விளையாடப் போன பிறகு, எங்கள் குழுவில் ஒரு அக்கா மெதுவாக என்னருகில் வந்து இருந்தார். 2009 இல் இருந்து கணவரைத் தேடிக்கொண்டிருப்பவர். அரை ஏக்கரில் வெங்காயம் வைத்து இரண்டு பிள்ளைகளைப் படிப்பிக்கிறார். அவருடைய தண்ணீர் இறைக்கும் இயந்திரம் அடிக்கடி பழுதாகும். திருத்துபவர் நினைத்த நாளில்தான் வருவார். அதற்குள் பாத்தி காய்ந்து விடும். வருகிறவர் பெண் தனியாக இருக்கிற வீடு என்று பார்த்துக் கதைக்கின்ற கதையும் ஒரு தொல்லை.

"மிஸ், ரெண்டு வரியத்துக்கு முதல் ஒரு பயிற்சி வந்தது ஞாபகம் இருக்கே?"

இருந்தது. ஆண்களுக்கு இயந்திரம் திருத்துதல், வீட்டு மின்னிணைப்பு. பெண்களுக்குத் தையல், கேக் செய்தல்.

"எனக்குத் தையல் எண்டு எழுதினது நீங்கள்தான். நான் மெஷின் திருத்தத்தான் பழக விருப்பம். நீங்கள் என்னைக் கேக்கவே இல்லையே."

என்னிடம் பதில் இருக்கவில்லை. அவர் சொன்னது உண்மை. அன்று நேரம் போதாமல் இருபது படிவங்களையும் வீட்டில் இருந்து நானே நிரப்பினேன். பெண்ணின் பெயர் என்றால் தையல். என் பேனா யோசிக்கவே இல்லை. சமத்துவம் பற்றி வகுப்பு எடுக்கின்ற நான், அந்த ஒரு பின்னேரம் இருபது பேருக்கும் பாக்கு மாஸ்ரராக இருந்திருக்கிறேன். அவராவது அவளுடைய முகத்தைப் பார்த்து இல்லை என்று சொன்னார். நான் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அந்த அக்காவுக்குக் கிடைத்த தையல் இயந்திரம் இப்போது சீலை போட்டு மூடிக் கிடக்கிறது.

அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "அது பரவாயில்லை மிஸ். இப்ப என்ன செய்வம் எண்டு சொல்லுங்கோ" என்றார்.

ஒருத்திக்கு மட்டும் திறக்கும் கதவு

அடுத்த வாரம் பயிற்சி நடத்துகிற இடத்துக்குப் போனேன். இயந்திரம் திருத்தும் வகுப்புக்குப் பெண்கள் வருவதில்லை என்றார்கள். வருவதில்லையா, அல்லது படிவத்தில் அந்த இடம் இல்லையா என்று கேட்டேன். கனநேரம் கதைத்த பின்னர் அங்கே இருந்த ஒருவர், "உங்களைத் தெரிஞ்சபடியால் ஒராளைச் சேர்ப்பம்" என்றார்.

மகிழ்ச்சியோடு வெளியே வந்தவள் பஸ் தரிப்பிடத்தில்தான் யோசித்தேன். இதுவும் ஒரு கழுத்தணிதானே! என்னைத் தெரிந்தபடியால் ஒரு அக்காவுக்கு இடம். என்னைப் போல ஒருவரைத் தெரியாத பெண்ணுக்கு?

அக்காவிடம் வந்து சொன்னேன். அவர் என்னைவிடத் தெளிவாக இருந்தார்.

"கிடைச்சதை நான் எடுக்கிறன் மிஸ். விட்டால் அதுவும் போயிடும். ஆனால் எனக்கு மட்டும் எண்டு நிப்பாட்டாதையுங்கோ. படிவத்தையும் மாத்தச் சொல்லுங்கோ."

அவர் சொன்னது சரி. கிடைத்த இடத்தைப் பெருமைக்காகத் தட்டி விடத் தேவையில்லை. கட்டாராவும் தட்டி விடவில்லையே. உள்ளே போய்ப் படித்தாள். மாஸ்ரரே வியக்கும் அளவுக்கு வேகமாகப் படித்தாள். அதே வேளையில், உள்ளே போனவளும் அவளுக்கு உதவியவரும் கதவைத் திரும்பப் பூட்ட விடக்கூடாது.

அதற்கு அடுத்த கூட்டத்தில் படிவத்தை எல்லோருமாக வாசித்தோம். எங்கள் பக்கத்தால் ஆண், பெண் என்று பிரித்த நிரலை நீக்கினோம். எல்லாப் பயிற்சிகளின் பெயரையும் ஒரே வரிசையில் எழுதி, ஒவ்வொருவரும் தங்கள் கையாலேயே அடையாளம் இட்டார்கள். எழுத வராதவர்களுக்கு வாசித்துக் காட்டி, அவர்கள் சொன்னதை எழுதினோம். பதினொரு பேர் தையல் என்றார்கள். அது அவர்களுடைய விருப்பம், நல்ல விருப்பம். மூன்று பேர் இயந்திரம் திருத்துதல், இரண்டு பேர் மின்னிணைப்பு. எங்கள் ஆச்சி தனக்கு ஒன்றும் வேண்டாம், பேத்திக்குக் காலம் வரும்போது கேட்டு எழுதுங்கோ என்றார். எல்லோரும் கையெழுத்து வைத்த கடிதம் ஒன்றோடு அதனை அனுப்பியிருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை. வராவிட்டால் அடுத்த மாதம் நான் மட்டும் போகப் போவதில்லை, எல்லோருமாகப் போவோம்.

வடக்கிலே கண்ணிவெடி அகற்றும் வேலையில் எங்கள் பெண்கள் எத்தனையோ பேர் வருடக்கணக்காக நிலத்தில் முழந்தாளிட்டு நின்றிருக்கிறார்கள். அந்த வேலையைச் செய்த கைகளுக்கு ஒரு தண்ணீர் இயந்திரத்தைத் திருத்தப் பழகுவது முடியாத காரியமா?

பிறகு வந்த கதை

அவதார் தொடரின் தொடர்ச்சியாக, கொரா என்னும் பெண்ணை நாயகியாக வைத்து 2012 முதல் 2014 வரை இன்னொரு தொடர் வெளிவந்தது. கதைப்படி எழுபது வருடங்கள் கழிந்து விட்டன. இப்போது அவதாரம் கொராதான். தென் துருவத்து நீர்ப்பெண். கட்டாரா கிழவியாகி, எல்லோரும் மதிக்கும் வைத்தியராக இருக்கிறார். சண்டையும் தெரிந்து, வைத்தியத்தைத் தானே தெரிவு செய்து நிற்கிறார். அந்தத் தொடரின் இரண்டாம் பருவத்தில், 2013 இல், வடக்குத் தலைவரின் மகள் எஸ்கா என்று ஒருத்தி வருகிறாள். நீர்க்கலையில் பெரிய சண்டைக்காரி. அவளை வைத்தியக் குடிசைக்குப் போ என்று அங்கே ஒருவரும் சொல்வதில்லை.

அந்த மாற்றம் எப்படி நடந்தது என்பதைத் தொடர் விரிவாகக் காட்டவில்லை. ஒரு நாளில் நடந்திருக்காது என்று மட்டும் எனக்குத் தெரியும்.

அந்த அக்கா இப்போது கிழமையில் இரண்டு நாள் வகுப்புக்குப் போகிறார். வகுப்பில் அவர் மட்டும்தான் பெண். போன கிழமை தன்னுடைய இயந்திரத்தைத் தானே கழற்றி, தானே பூட்டியிருக்கிறார். முதல் தரம் தண்ணீர் வரவில்லையாம். இரண்டாம் தரம் பூட்டியதும் வந்ததாம். எனக்குத் தொலைபேசி எடுத்து, ஒன்றும் கதையாமல், தண்ணீர் விழுகின்ற சத்தத்தை மட்டும் கேட்க விட்டார்.

சகோதரிகளே, உங்கள் ஊருக்கும் இப்படியொரு படிவம் வரும். நிரப்புகிறவர் என்னைப் போல அவசரத்தில் இருப்பார். அவருடைய பேனா உங்கள் பெயருக்கு நேரே போக முதல், என்னைக் கேட்டு எழுதுங்கோ என்று சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவரையும் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.